எந்தப் பந்தயம் ஓடலாம்? பாதையை வைத்துச் சொல்கிறேன்

கேட்ட கேள்வி இது: "சென்னையில் இருக்கிறேன். 10 கிலோமீட்டர் ஓடிப் பழகிவிட்டேன், அடுத்து அரை மாரத்தான் ஓட ஆசை. வருடத்துக்கு இரண்டு மூன்று பந்தயங்களுக்குத்தான் லீவும் காசும் தாங்கும். நீங்கள் பல வருடமாக ஓடுகிறவர். உங்களுக்குப் பிடித்த சாலை ஓட்டங்கள் எவை, ஏன்?"

பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் மும்பை மாரத்தான். மழைக்காலம் முடிகிற சமயத்தில் சதாரா மலை அரை மாரத்தான். ஏப்ரல் கடைசியில் பெங்களூரு 10 கிலோமீட்டர். இந்த மூன்றும் எனக்கு முதல் வரிசை. அடுத்த இடம் நம் சென்னை மாரத்தானுக்கு. ஊர்ப்பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த இடம் அதற்கு உண்டு. ஹைதராபாத், கொல்கத்தா, டெல்லி பற்றியும் சொல்ல இருக்கிறது, அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான் வேலைக்குப் போய்க்கொண்டே, விடியற்காலையில் பயிற்சி செய்து, பந்தயத்தன்று நடுக்கூட்டத்தில் ஓடுகிற ஆள். பரிசுக்காக ஓடுகிறவர்களின் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். இதை அந்தக் கணக்கில் படியுங்கள்.

பந்தயத்தைத் தேர்வு செய்யும்போது பலரும் பதக்கம் எப்படி இருக்கும், டீ-ஷர்ட் என்ன பிராண்ட் என்று விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது பாதையின் வரைபடம். ஒவ்வொரு பந்தயத்திலும் அன்றைய ஓட்டம் எப்படி முடியப்போகிறது என்று தீர்மானிக்கிற இடம் ஒன்று இருக்கும். ஒரு ஏற்றமாக இருக்கலாம், வெயிலில் நீளும் ஒரு நேர்ச்சாலையாக இருக்கலாம். அந்த இடம் பிடித்துப்போனால் எனக்கு அந்தப் பந்தயம் பிடித்துப்போகும். மாதக்கணக்கில் செய்கிற பயிற்சியையும் அந்த இடத்தை நினைத்தே அமைத்துக்கொள்வேன்.

மும்பையில் அந்த இடம் பெடர் ரோடு.

2004-இல் தொடங்கிய பந்தயம் இது. 2018 முதல் டாடா பெயரில் நடக்கிறது. ஜனவரி மூன்றாவது ஞாயிறு என்று காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளலாம். 42.2 கிலோமீட்டர் முழு மாரத்தான், சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து இருட்டோடு கிளம்பும். மரைன் டிரைவ், சவுபாத்தி, ஹாஜி அலி, வொர்லி எனக் கடலோரமாக வடக்கே போய் பாந்த்ரா-வொர்லி கடல்பாலத்தில் ஏறும். பாலத்தின் நீளம் 5.6 கிலோமீட்டர். மற்ற நாட்களில் அங்கே பாதசாரிகளுக்கும் டூவீலர்களுக்கும் அனுமதி கிடையாது, அதனால் பந்தயத்தன்று மட்டும்தான் நம் காலால் அதைக் கடக்க முடியும். பார்வையாளர்கள் இருக்க மாட்டார்கள். ஷூக்கள் தரையில் படும் சத்தமும் கடல்காற்றும் மட்டும் கூடவே வரும். அந்த அமைதியில் பலரும் தங்களை அறியாமல் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் பாக்கி நிறைய இருக்கிறது.

பாந்த்ராவில் இறங்கித் திரும்பி, மாஹிம், சிவாஜி பார்க் வழியாகத் தெற்கே வரும்போது வெயில் ஏறிவிடும். மும்பையில் ஜனவரி விடியற்காலை இதமாக இருந்தாலும் காற்றில் ஈரப்பதம் உண்டு. எட்டு மணிக்கு மேல் அது ஓட்டத்துக்கு உகந்த வானிலை இல்லை. அந்த நேரத்தில்தான், 35 கிலோமீட்டரை ஒட்டி, பெடர் ரோட்டின் ஏற்றம் வருகிறது. காரில் போகிறவர்கள் அதை மேடு என்று கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் தசைகளில் சேர்த்துவைத்த கிளைகோஜன் என்கிற எரிபொருள் பெரும்பாலும் 30 கிலோமீட்டருக்கு மேல் குறைந்துபோகும். கால் கனக்கும், மனம் நடக்கச் சொல்லும். போகும்போது இருட்டில் சுலபமாகக் கடந்த அதே சாலை, திரும்பும்போது வேறு சாலையாகிவிடும்.

அங்கேதான் மும்பைக்காரர்கள் வருகிறார்கள். அடுக்குமாடிகளிலிருந்து குடும்பத்தோடு இறங்கி இரண்டு பக்கமும் நிற்பார்கள். உரித்த ஆரஞ்சுச் சுளை, உப்பு, கடலை மிட்டாய், பிஸ்கட், வலிக்கு அடிக்கிற ஸ்பிரே எல்லாம் அவர்கள் சொந்தக் காசில் வாங்கிவைத்தவை. ஒரு வருடம் அங்கே வயதான அம்மா ஒருவர் நடைபாதை ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் எவர்சில்வர் தட்டு. ஓடி வருகிறவரின் பிப்பில், அதாவது சட்டையில் குத்தியிருக்கும் எண் அட்டையில், அச்சிட்டிருக்கும் பெயரை எட்டிப் பார்த்து, சுளைமேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் வைத்தார். பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளை உப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். எத்தனை ஆயிரம் பேர் அந்த வழியாகப் போயிருப்பார்கள்! அத்தனை பேருக்கும் அப்படித்தான் செய்திருப்பார் என்று நம்புகிறேன். அந்த உப்பும் புளிப்பும் நாக்கில் பட்டதும் ஏற்றத்தின் உச்சி வரை நடக்காமல் ஓடினேன்.

இதே ஏற்றத்தில்தான் 2016-இல் இந்தியாவின் நிதேந்திர சிங் ராவத் ஓடி 2 மணி 15 நிமிடம் 48 நொடியில் முடித்தார். 2023-இல் எத்தியோப்பியாவின் ஹைலே லெமி 2 மணி 7 நிமிடம் 32 நொடியில் வந்து பந்தயச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றினார். உலகத்தரமான ஓட்டக்காரர்களும் நானும் ஒரே நாளில் ஒரே சாலையில் ஓடுகிறோம் என்பது சாலை ஓட்டத்தில் மட்டும் கிடைக்கிற பெருமை. கிரிக்கெட் எவ்வளவு பிடித்தாலும் உலகக்கோப்பை நடக்கிற மைதானத்தில் அன்றைக்கே இறங்கி மட்டையைப் பிடிக்க நம்மை விடமாட்டார்கள்.

மும்பைக்குப் போகிறவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. பந்தயத்தன்று பிப் தர மாட்டார்கள். முந்தின நாட்களில் நடக்கிற எக்ஸ்போ என்கிற பந்தயக் கண்காட்சிக்கு நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். சனிக்கிழமை இரவு போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டால் வீண். முழு மாரத்தானுக்கு முன்பு ஓடிய டைமிங் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் அதற்குத் தகுந்த பந்தயம் ஒன்றை முன்னதாகவே ஓடி வைத்திருக்க வேண்டும். பதிவு ஆகஸ்ட் வாக்கில் திறக்கும்.

அடுத்து சதாரா. நான் அதிகம் பேச விரும்புகிற பந்தயம் இதுதான், ஏனென்றால் சென்னையில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு.

சதாரா மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், புனேயிலிருந்து தெற்கே சுமார் 110 கிலோமீட்டரில் இருக்கிறது. 2012 முதல் அந்த ஊர் ஓட்டக்காரர்களே சேர்ந்து நடத்துகிற பந்தயம். ஒரே மலையில் அதிகம் பேர் ஓடியதற்காக 2015-இல் கின்னஸ் பட்டியலிலும் ஏறியது. பாதை மிக எளிமையானது. ஊருக்குள்ளிருந்து கிளம்பி, யவதேஷ்வர் மலைச்சாலையில் ஏறி, காஸ் பீடபூமியின் திசையில் பாதித் தூரம் போய், வந்த வழியே திரும்புவது. முதல் பாதி முழுக்க ஏற்றம், இரண்டாம் பாதி முழுக்க இறக்கம். மொத்தம் 21.1 கிலோமீட்டர், தார்ச்சாலை.

ஆகஸ்ட், செப்டம்பரில் அந்த மலை பச்சை தவிர வேறு நிறம் காட்டாது. பாதி ஏறியதும் மேகத்துக்குள் நுழைந்துவிடுவோம். முன்னால் ஓடுகிறவரின் முதுகு தெரியும், அதற்கு முன்னால் இருப்பவர் தெரிய மாட்டார். மழை பெய்தால் யாரும் ஒதுங்குவதில்லை. சென்னை வெயிலில் ஓடிப் பழகிய உடம்புக்கு அந்தக் குளிர்ந்த மழை பெரிய வரம். காஸ் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக 2012-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பந்தயம் நடக்கும் பருவத்தில்தான் அங்கே பூ விரியத் தொடங்கும், அதனால் ஒருநாள் கூடுதலாகத் தங்கிப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கு முன்பதிவு முறை உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

சதாராவில் ஓட்டத்தைத் தீர்மானிக்கிற இடம் எது என்று கேட்டால் எல்லோரும் ஏற்றத்தைச் சொல்வார்கள். நான் திரும்பும் இடத்தைச் சொல்வேன். ஏறும்போது யாருக்கும் வேகம் வராது, எல்லோரும் குறுகிய எட்டு வைத்து, மூச்சைக் கவனித்து ஏறுகிறார்கள். திரும்பியவுடன் சாலை சரிகிறது, கால் தானாக ஓடுகிறது. அந்த முதல் இரண்டு கிலோமீட்டரில் வேகத்தை அவிழ்த்துவிட்டால் கடைசி ஐந்து கிலோமீட்டரில் தொடை பிடித்துக்கொள்ளும். காரணம் இதுதான்: இறக்கத்தில் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. ஒவ்வொரு எட்டும் ஒரு பிரேக். மூச்சு வாங்காததால் உடம்பு களைக்கவில்லை என்று நினைப்போம், ஆனால் தசை நார்கள் நுண்ணியதாகக் கிழிந்துகொண்டிருக்கும். அந்த வலி உச்சத்துக்கு வருவது இரண்டு நாள் கழித்துத்தான். செவ்வாய்க்கிழமை ஆபீஸில் படி இறங்குகிறவரைப் பார்த்தே அவர் ஞாயிறன்று சதாராவில் இருந்தார் என்று சொல்லிவிடலாம்.

சென்னையில் இருந்துகொண்டு இதற்கு எப்படிப் பயிற்சி செய்வது? நமக்கு மேடு என்றால் மேம்பாலமும் பரங்கிமலையும்தான். அதுவே போதும். ஏறும்போது நிதானமாக, இறங்கும்போது கொஞ்சம் வேகமாக என்று வாரம் ஒருமுறை செய்தால், தசை இறக்கத்துக்குப் பழகிக்கொள்ளும். ஒருமுறை அந்த வலியைக் கண்ட தசை அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு வலிப்பதில்லை, இது ஆய்விலும் அனுபவத்திலும் நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு ஏலகிரியிலோ வேறு மலைச்சாலையிலோ ஒரு நீண்ட இறக்கம் ஓடிவிட்டு வருவது நல்ல முதலீடு.

சதாரா மக்களையும் சொல்லாமல் விடக்கூடாது. சின்ன ஊர், ஆனால் பந்தயத்தன்று ஊரே சாலையில் நிற்கிறது. தோல் தாஷா என்கிற மராத்தி மேளம் முழங்கும். பள்ளிப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் ஒரே சாலையில் எதிரெதிராக ஓடுவதால், முதலில் வருகிற வேகக்காரர்கள் நம்மைப் பார்த்து "சலா, சலா" (வாங்க, வாங்க) என்று உற்சாகப்படுத்திக்கொண்டே இறங்குகிறார்கள். முன்னணியில் ஓடுகிறவர் மூச்சைச் செலவழித்து நமக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது எல்லாப் பந்தயத்திலும் கிடைப்பதில்லை.

பெங்களூரு 10 கிலோமீட்டருக்கு வருவோம். 2008-இல் தொடங்கியது. முன்பெல்லாம் மே மாதம் நடந்தது, சமீப வருடங்களில் ஏப்ரல் கடைசி ஞாயிறுக்கு வந்திருக்கிறது. பத்து கிலோமீட்டர்தானே என்று இதை லேசாக நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மாரத்தானில் முதல் 30 கிலோமீட்டர் வரை பொறுமை இருந்தால் போதும். பத்து கிலோமீட்டரில் மூன்றாவது கிலோமீட்டரிலேயே கஷ்டம் தொடங்கி, கடைசி வரை அது குறையாது. வேலையும் வீடும் வைத்துக்கொண்டு ஓடுகிற ஒருவருக்கு, வருடத்தில் ஒரு 10 கிலோமீட்டரை முழு மூச்சாக ஓடுவது மற்ற எல்லாத் தூரத்துக்கும் உதவும். அந்த நேரத்தை வைத்துத்தான் அரை மாரத்தானுக்கும் மாரத்தானுக்கும் எந்த வேகத்தில் ஓடலாம் என்று கணக்குப் போட முடியும்.

பாதை அல்சூர் ஏரிக்கரை, கப்பன் பூங்கா, விதான சவுதா என்று பெங்களூருவின் பழைய, மரம் அடர்ந்த பகுதிகளைத் தொட்டுச் செல்லும். சமதளம் என்று நம்பிப் போகாதீர்கள். அந்த ஊரில் எந்தச் சாலையும் முழுச் சமதளம் இல்லை, ஏரிப்பக்கம் இறங்கினால் அப்புறம் ஏறித்தான் ஆக வேண்டும். அந்த ஏற்றம் வரும் இடத்தில் வாட்சைப் பார்க்காமல், மூச்சின் அளவை மட்டும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால், உச்சியில் இழந்த நொடிகள் அடுத்த இறக்கத்தில் திரும்பி வந்துவிடும். ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி லேசாகக் குறைவு என்றாலும், ஏப்ரல் சென்னையிலிருந்து போகிறவருக்கு அங்கே ஈரப்பதம் குறைந்த காலைப்பொழுது பெரிய லாபம். 2022-இல் கென்யாவின் நிக்கோலஸ் கிமெலி இந்த மேடு பள்ளத்தில் 27 நிமிடம் 38 நொடியில் ஓடினார். அதே பந்தயத்தில் பெண்கள் பிரிவில் ஐரீன் செப்டாய் 30 நிமிடம் 35 நொடி. இந்த எண்களைப் புரிந்துகொள்ள எளிய வழி உண்டு: பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஒரே ஒரு 400 மீட்டர் சுற்றை 66 நொடியில் ஓடிப் பாருங்கள். கிமெலி அந்த வேகத்தில் தொடர்ந்து 25 சுற்றுக்குச் சமமான தூரத்தை ஓடியிருக்கிறார்.

சென்னையிலிருந்து ரயிலில் சனிக்கிழமை காலை போய், பிப் வாங்கி, ஞாயிறு ஓடிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். திங்கட்கிழமை லீவு தேவையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே வருடா வருடம் என் பட்டியலில் இது உறுதியாக இருக்கிறது.

இப்போது நம் ஊர். சென்னை மாரத்தானை நடத்துவது சென்னை ரன்னர்ஸ் என்கிற ஓட்டக்காரர்களின் அமைப்பு, 2012-இல் தொடங்கினார்கள். சில வருடங்களாக ஜனவரித் தொடக்கத்தில் நடக்கிறது. முழு மாரத்தான் விடியற்காலை 4 மணிக்கு நேப்பியர் பாலத்தில் கிளம்பும். மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையை வண்டி ஒன்றுகூட இல்லாமல், தெருவிளக்கு வெளிச்சத்தில், நடுச்சாலையில் ஓடிப் பார்த்தால்தான் அது எவ்வளவு அகலம் என்று தெரியும். பிறகு தெற்கே இறங்கி கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் முடியும்.

சென்னையில் தீர்மானிக்கிற இடம் ஏற்றம் கிடையாது, நேரம். சூரியன் ஆறரை மணிவாக்கில் உதிக்கும். அதற்கு முன் எவ்வளவு தூரம் கடந்திருக்கிறோம் என்பதே கணக்கு. ஜனவரியில் விடியற்காலை வெப்பநிலை 21, 22 டிகிரி இருக்கலாம், ஆனால் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால், மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காயாத மாதிரி, வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடம்பு சூட்டைத் தள்ள ரத்தத்தைத் தோலுக்கு அதிகம் அனுப்பும், கால் தசைக்குப் போகிற பங்கு குறையும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அதனால் வெளியூர் டைமிங்கைச் சென்னையில் எதிர்பார்க்காதீர்கள். முதல் பாதியில் மூச்சு சொல்கிற வேகத்தில் போங்கள்.

தண்ணீர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், வாந்தி, அதற்கு மேலும் ஆபத்து வரலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் சொல்லியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, லாங் ரன் என்கிற நீண்ட பயிற்சி ஓட்டத்திலேயே குடித்துப் பழகுங்கள். பந்தயத்தன்று புதிதாக எதையும் முயற்சி செய்ய வேண்டாம்.

சென்னையில் இன்னொன்றும் உண்டு. ஜூலையில் நடக்கிற ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தான். திரளும் நிதி செயற்கைக் கால் பொருத்துவதற்குப் போகிறது. ஜூலையின் புழுக்கத்தில் நல்ல நேரம் ஓடுவது கஷ்டம். ஆனால் ஓடுகிற காலை வைத்திருக்கிற நாம், கால் இழந்தவர் ஒருவர் எழுந்து நடப்பதற்காக ஓடுவதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஹைதராபாத், ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. நெக்லஸ் ரோட்டில் தொடங்கி கச்சிபவுலி விளையாட்டரங்கத்தில் முடியும். மேம்பாலம் மேல் மேம்பாலம், ஜூப்ளி ஹில்ஸ் பக்கத்து ஏற்றங்கள், துர்கம் செருவு கேபிள் பாலம். இந்தியாவின் பெருநகர மாரத்தான்களில் கால்களை அதிகம் சோதிப்பது இதுதான் என்பது என் கருத்து. ஜனவரியில் மும்பைக்குத் தயாராகிறவர்கள் இதில் அரை மாரத்தான் ஓடிப் பார்த்தால், கால் எந்த நிலையில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

கொல்கத்தா, டிசம்பர் நடுவில், 25 கிலோமீட்டர். 2014 முதல் நடக்கிறது. இந்தத் தூரத்தை வேறெங்கும் அதிகம் ஓட மாட்டோம் என்பதால், பழைய நேரத்தை முறியடிக்க வேண்டும் என்ற அழுத்தம் இல்லை. மும்பைக்கு நாலைந்து வாரம் முன்னால் வருவது இன்னும் வசதி, ஒரு தரமான நீண்ட ஓட்டத்தைத் தண்ணீர், உப்பு, மருத்துவ உதவி எல்லாவற்றோடும் முடித்துவிடலாம். தொடங்கும் ரெட் ரோடு இரண்டாம் உலகப் போரின்போது விமான ஓடுதளமாக இருந்த சாலை, அதன் நேர்க்கோடும் அகலமும் இன்றும் அதைச் சொல்லும். மைதானம், விக்டோரியா நினைவகம், குளிர்ந்த காலை. வேகமாக ஓட ஏற்ற பாதை என்பதற்கு 2023 சாட்சி: ஆண்களில் கென்யாவின் டேனியல் எபென்யோ 1 மணி 11 நிமிடம் 13 நொடியில் ஓடினார், பெண்களில் எத்தியோப்பியாவின் சுதுமே கெபெடே 1 மணி 18 நிமிடம் 47 நொடியில் ஓடினார். 25 கிலோமீட்டருக்கு இரண்டுமே உலகின் சிறந்த நேரங்கள்.

டெல்லி அரை மாரத்தான், அக்டோபர். 2005 முதல். ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்திலிருந்து கர்த்தவ்ய பாதை வரை போய்வரும் சமதளப் பாதை. 2020-இல் அவினாஷ் சாப்ளே 1 மணி 30 நொடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தது இங்கேதான். நல்ல நேரம் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை நாட்டில் குறைவு. என் தயக்கம் காற்று மட்டும். முன்பு நவம்பரில் நடந்தபோது புகைமூட்டம் பெரிய சர்ச்சையானது. அக்டோபர் அதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் ஓடும்போது சாதாரண நேரத்தைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். ஆஸ்துமா உள்ளவர்கள் டெல்லியைத் தவிர்க்க வேண்டும் என்றே சொல்வேன்.

லடாக் பற்றிப் பலர் கேட்பார்கள். செப்டம்பரில், லே நகரில், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் கிடைக்கும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் முன்னதாகவே போய் உடம்பைப் பழக்க வேண்டும். லீவு கணக்கைப் பார்த்தால் உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில் காட்டுக்குள் செம்மண் பாதையில் நடப்பது, சாலை ஓட்டக் கணக்கில் வராது. பரிசும் டைமிங்கும் இல்லாமல் ஓடுகிற சுகத்துக்காக ஒருமுறை போய்வாருங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 10 கிலோமீட்டர் ஓடிப் பழகியவருக்கு முதல் அரை மாரத்தான் சதாராவாக இருக்கக் கூடாது, இறக்கம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். ஏப்ரலில் பெங்களூருவில் முழு மூச்சாக ஒரு 10 கிலோமீட்டர் ஓடுங்கள். மே, ஜூனில் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் விடியற்காலையில் சுலபமாக ஓடுங்கள், வெயில் காலத்தில் சேர்கிற தாக்குப்பிடிக்கும் திறன் குளிர்காலத்தில் தெரியும். செப்டம்பரிலிருந்து ஞாயிறு லாங் ரன்னை ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, 18 கிலோமீட்டர் வரை கொண்டுபோங்கள். தனியாகச் செய்வது கஷ்டம், உங்கள் பகுதியில் இருக்கிற ஓட்டக் குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். சென்னையில் பெரும்பாலான பகுதிகளில் குழு இருக்கிறது, புதியவர்களை அன்போடு சேர்த்துக்கொள்கிறார்கள்.

முதல் அரை மாரத்தானுக்கு இரண்டு வழி. டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தான் நடக்கும். கோவை புற்றுநோய் அறக்கட்டளை 2013 முதல் நடத்துகிறது, ரேஸ் கோர்ஸ் பகுதியின் மரநிழல், நம் ஊரைவிடக் குளிர்ந்த காலை, முதல் முறைக்கு ஏற்ற இடம். அது ஒத்துவராவிட்டால் ஜனவரியில் சென்னையிலேயே ஓடுங்கள், வீட்டிலிருந்து போய் வீட்டுக்குத் திரும்பலாம், பயணச் செலவு இல்லை. இரண்டில் எதை ஓடினாலும் கையில் ஒரு டைமிங் சான்றிதழ் இருக்கும், அதை வைத்து ஆகஸ்டில் மும்பைக்குப் பதிவு செய்யலாம். இந்த வருடம் மேம்பாலத்தில் பயிற்சி செய்து முழங்கால் ஒத்துழைத்தால் அடுத்த மழைக்காலத்தில் சதாரா. அதற்கு மட்டும் பதிவு திறக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்து, அன்றைக்கே பணத்தைக் கட்டிவிடுங்கள். மற்ற பந்தயங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும், சதாராவில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும்.